ஒன்றரை டன் வண்டிக்கு 51 குதிரை - லேண்ட் ரோவர் டீசலின் கதை

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காருங்க. எஞ்சின் பத்திதான் பேசப் போறேன். ஸ்பேனர் பிடிச்சுப் பழக்கமில்லாதவங்களும் தைரியமா படிக்கலாம். ஏன்னா இது எஞ்சின் கதை மாதிரி ஆரம்பிச்சாலும், ஒரு நல்ல பொருளுக்கு "இன்னும் கொஞ்சம் பலம்" கொடுக்கப் போனவங்க நாற்பது வருஷம் பட்ட பாட்டோட கதை.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. ஒரு காலத்தில் நம்ம ஊர்த் தெருவெல்லாம் ஓடிய மாருதி 800-இன் சக்தி 37 குதிரை. எடை சுமார் 650 கிலோ. இதுவே மலைப்பாதையில நாலு பேரை ஏத்திக்கிட்டுப் போனா ரெண்டாவது கியர்ல முனகும்னு எல்லாருக்கும் தெரியும். இப்ப 1957-க்குப் போவோம். இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி தன் லேண்ட் ரோவருக்கு முதல்முறையா ஒரு டீசல் எஞ்சின் போட்டது. 2 லிட்டர், 51 குதிரை. வண்டியோ கிட்டத்தட்ட ஒன்றரை டன். அதாவது ஒரு டன்னுக்கு 34 குதிரை. மாருதிக்கு டன்னுக்கு 57!

அப்புறம் எப்படி இந்த வண்டி ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இமயமலைன்னு உலகம் முழுக்க ஏறி இறங்கிச்சு? ஏன் அதை வச்சிருந்தவங்க எல்லாரும் அதோட எஞ்சினைத் திட்டிக்கிட்டே அந்த வண்டியை மட்டும் விடாம வச்சிருந்தாங்க? அதுதான் மேட்டர்.

வண்டி பிறந்த கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். ரோவர் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸில் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் நிலத்தில் ராணுவம் கழித்துவிட்ட ஒரு வில்லிஸ் ஜீப்பை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அது போனால் வேறென்ன வாங்குவது என்ற கேள்வியில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ்தான் கம்பெனியின் நிர்வாக இயக்குநர், அதனால காரியம் மளமளன்னு நடந்திருக்கு. 1948 ஏப்ரல் 30-ம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி அறிமுகமானது.

அப்போது பிரிட்டனில் எஃகுக்கு ரேஷன். அதனால் பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். வேறு வழியில்லாமல் செய்த இந்த வேலைதான் பின்னால் வண்டிக்கே ஆயுசு கொடுத்தது. சேசிஸ் துருப்பிடித்தாலும் பாடி அப்படியே நிற்கும். இது பின்னாடி வரப்போற கதைக்கு முக்கியம், ஞாபகம் வச்சுக்கங்க.

முதல் எஞ்சின் 1.6 லிட்டர் பெட்ரோல். ஆனால் வண்டியை வாங்கியவர்கள் விவசாயிகள், தோட்டக்காரர்கள், ராணுவம், அணை கட்டுகிறவர்கள். அவர்களின் டிராக்டரும் லாரியும் ஜெனரேட்டரும் டீசலில் ஓடுகின்றன. இந்த ஒரு வண்டிக்காகத் தனியா பெட்ரோல் டிரம் வைக்கணுமா? டீசல் கேட்டார்கள். ரோவரும் செய்யத் தொடங்கியது.

ஒரு சுவாரசியமான விஷயம். டீசல் எஞ்சின் தடிமனானது, நீளமானது. இருந்த இடத்தில் அது உட்காராது. அதனால் 1956-லேயே வண்டியின் இரண்டு அச்சுகளுக்கு இடையிலான நீளத்தை 86 அங்குலத்திலிருந்து 88-ஆகவும், 107-லிருந்து 109-ஆகவும் ஆக்கினார்கள். அந்த இரண்டு அங்குலமும் எஞ்சின் அறைக்குத்தான் போனது. உலகப் புகழ் பெற்ற "88", "109" என்ற எண்கள் ரெண்டுமே இன்னும் வராத ஒரு டீசல் எஞ்சினுக்காக முன்கூட்டியே துண்டு போட்டு வைத்த இடம்!

ஏன் அவ்வளவு சோனி?

1957-ல் வந்த 2 லிட்டர் எஞ்சின் 51 குதிரை. 1961-ல் அதை 2.25 லிட்டர் ஆக்கினார்கள், 62 குதிரை வந்தது. சுழல்விசையைப் பார்த்தால் முதலாவதில் 118 நியூட்டன் மீட்டர், இரண்டாவதில் 140. இந்தச் சுழல்விசையைத்தான் நம்ம டிரைவருங்க "புல்லிங்"னு சொல்வாங்க. 62 குதிரைங்கிறது சமவெளித் தார் ரோட்டில் ரொம்பக் கம்மி. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட்டால் கொண்டாடலாம்.

காரணம் என்ன? டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நசுக்கி நசுக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். அந்தக் காலத்துச் சின்ன டீசல்களில் எரிபொருளை நேராகப் பிஸ்டன் மேல் பீச்ச மாட்டார்கள். சிலிண்டர் ஹெட்டுக்குள் ஒரு சின்னக் குண்டு அறை இருக்கும். காற்று அதற்குள் சுழன்று போகும், டீசல் அங்கே பீச்சப்பட்டுப் பற்றும், பிறகு நெருப்பு ஒரு சின்ன வாசல் வழியாக வெளியே வந்து பிஸ்டனைத் தள்ளும். இதனால் சத்தம் குறையும், சுலபமாகக் கலக்கும். ஆனால் சூட்டில் ஒரு பங்கு அந்த அறையின் சுவர் வழியாகத் தண்ணீருக்குப் போய்விடும். நம்ம வீட்டுல அடுப்பை ஒரு ரூம்லயும் பாத்திரத்தை இன்னொரு ரூம்லயும் வச்சா எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அந்தக் கதைதான். இந்த நஷ்டத்தை ஈடுகட்டக் காற்றை 23 மடங்கு நசுக்கினார்கள். அவ்வளவு நசுக்கினால் எஞ்சின் பாகமெல்லாம் கனமாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் வேகமாகச் சுற்ற முடியாது.

ஆனா ஒண்ணு. அந்த 140 நியூட்டன் மீட்டரும் நிமிஷத்துக்கு 1800 சுற்றிலேயே கிடைத்துவிடும். கூடவே லோ ரேஞ்ச் கியர். அதனால் சேறு, பாறை, ஆற்றுப் படுகை எல்லாவற்றிலும் வண்டி ஆமை மாதிரி நிற்காமல் போகும். திட்டினவங்க ரோட்டில் திட்டினாங்க, காட்டில் கும்பிட்டாங்க.

திருப்புளி வைத்தியம்

"வண்டில புல்லிங் இல்ல"ன்னு சொன்னா உலகம் முழுக்க இருக்கிற பட்டறைகளில் முதல் வைத்தியம் ஒன்றுதான். டீசல் பம்பில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைக் கொஞ்சம் திருப்பி டீசலைக் கூட்டி வைப்பது. செலவு கிடையாது. பத்து நிமிஷ வேலை. உடனே வண்டி கொஞ்சம் துள்ளும், பின்னாலேயே கரும்புகை வரும்.

இதில் என்ன தப்பு? ஒரு கிலோ டீசல் முழுசாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் தன் கொள்ளளவுக்குத்தான் காற்றை இழுக்கும், அதற்கு மேல் ஒரு சொட்டு வராது. காற்று ஏறாமல் டீசலை மட்டும் ஏற்றினால் எரியாத கரிதான் புகையாக வெளியேறும். அந்தக் கரும்புகை நம்ம காசு. அது மட்டும் இல்லை. எரிவது நீண்டுகொண்டே போய் வெளியேறும் புகையின் சூடு ஏறும். பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்தமான அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். ஏற்றத்தில் முழுசா ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே போனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

மலையில் இது இன்னும் மோசம். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். 3600 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் கீழே. 62 குதிரை எஞ்சின் அந்த உயரத்தில் நாற்பத்துச் சொச்சம் குதிரையாகச் சுருங்கிவிடும். சமவெளியில் சரியாக வைத்த டீசல் அளவே அங்கே அதிகமாகிவிடும். மலை வண்டிகள் கரும்புகை கக்குவதற்குக் காற்று கம்மியானது ஒரு பெரிய காரணம். ஆக, பலம் வேண்டுமென்றால் டீசலைக் கூட்டுவது இரண்டாவது வேலை. காற்றைக் கூட்டுவதுதான் முதல் வேலை. இந்த ஒரு வரியைச் செயலில் காட்ட ரோவர் கம்பெனிக்கு 29 வருஷம் ஆச்சு.

டொயோட்டா நுழைந்த கதை

கம்பெனிக்கு ஏன் அவ்வளவு நாள்? காசு. 1967-ல் ரோவர் லேலண்டோடு சேர்ந்தது, 1968-ல் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரிய கூட்டுக்குள் போனது. அந்தக் கூட்டில் நஷ்டம் கொடுக்கிற கார்கள் ஏராளம். லேண்ட் ரோவர் மட்டும் விற்றுக்கொண்டே இருந்தது. வீட்டுல சம்பாதிக்கிற பிள்ளைக்கு யாரு புதுச் சட்டை எடுப்பா? அது சம்பாதித்த காசு மற்ற பிள்ளைகளின் கடனுக்குப் போனது. 1975-ல் கம்பெனியே அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது.

அதற்குள் ஜப்பான்காரர்கள் விழித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி மலைகளில் அணைகளும் சுரங்கங்களும் கட்டிய மாபெரும் நீர்மின் திட்டத்தில், தீஸ் என்ற ஒப்பந்ததாரர் கம்பெனி 1950களின் இறுதியில் டொயோட்டா லேண்ட் குரூசரைக் கொண்டு வந்தது. அதில் 3.9 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். 1974-ல் 3 லிட்டர் டீசலும் வந்தது. லேண்ட் ரோவர் இன்னும் அதே 2.25-ஐ வைத்துக்கொண்டு 62 குதிரையில் நின்றது. 1970களின் முடிவில் ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதியும் ஆப்பிரிக்காவின் பல நாடுகளும் டொயோட்டா கைக்குப் போய்விட்டன.

அப்போது நடந்த வேடிக்கைகளைப் பாருங்க. தாய்க் கம்பெனி சும்மா இருந்தாலும் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. ஸ்பெயினில் லைசன்சில் லேண்ட் ரோவர் செய்துவந்த சன்டானா கம்பெனி, அந்த நாலு சிலிண்டர் எஞ்சினில் ரெண்டு சிலிண்டரைக் கூட்டி 3.4 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல் செய்தது. ஆஸ்திரேலியக் கிளையோ 1980களின் தொடக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், ஜப்பானின் இசுசு லாரி எஞ்சினையே தூக்கி லேண்ட் ரோவருக்குள் வைத்துவிட்டது! 3.9 லிட்டர், நாலு சிலிண்டர். ஆஸ்திரேலிய ராணுவத்துக்கு "பெரென்ட்டி" என்ற பெயரில் செய்த லேண்ட் ரோவர்களிலும் இந்த இசுசுதான். ஜப்பான்காரனிடம் சந்தையை இழந்த வண்டியை ஜப்பான் எஞ்சினே தூக்கி நிறுத்தியது.

பட்டறைக்காரர்கள் அதற்கும் முன்னோடிகள். பழைய லேண்ட் ரோவருக்குள் பெர்கின்ஸ் 4.203 என்ற 3.3 லிட்டர் டீசல் எஞ்சினை ஏற்றியவர்கள் பல நாடுகளில் உண்டு. டிராக்டருக்கும் தொழிற்சாலைக்கும் போகிற எஞ்சின் அது. பெர்கின்ஸ்னா நமக்கு அந்நியமில்லை. 1950கள் முதல் லைசன்சில் பெர்கின்ஸ் எஞ்சின் செய்தது நம்ம சென்னை செம்பியம் சிம்சன் கம்பெனிதான். ஆனால் டிராக்டர் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். வண்டி யானை மாதிரி இழுக்கும், யானை மாதிரியே நடக்கும். அதோட கனம் முழுக்க முன் அச்சு மேல. திருப்பத்துல ஸ்டியரிங் பிடிக்கிறவர் தோள்பட்டைக்கு நல்ல வேலை.

முதல் டர்போ, முதல் அடி

1978-ல் லேண்ட் ரோவர் தனிக் கம்பெனியாகப் பிரிந்த பிறகுதான் காசு வர ஆரம்பித்தது. 1980-ல் 2.25 எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்று பேரிங்குக்குப் பதில் ஐந்து பேரிங் கொடுத்தார்கள். வெளியே தெரியாத வேலை, ஆனால் இதுதான் அஸ்திவாரம். முதுகெலும்பு உறுதியானால்தான் மூட்டை ஏற்ற முடியும்.

நடுவில் ஒரு குறுக்குவழியும் பார்த்தார்கள். ரேஞ்ச் ரோவரின் 3.5 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சினை பெர்கின்ஸோடு சேர்ந்து டீசலாக மாற்றும் திட்டம், பெயர் "ஐஸ்பெர்க்". அலுமினிய எஞ்சின் டீசலின் அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் சரிப்பட்டு வரவில்லை. 1980களின் தொடக்கத்திலேயே கைவிட்டுவிட்டார்கள். பேரு வச்ச நேரம் அப்படி :-)

1984-ல் 2.25 எஞ்சின் 2.5 லிட்டர் ஆனது. சிலிண்டரின் அகலம் அதே 90.47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் 88.9-லிருந்து 97 ஆனது. 68 குதிரை. 23 வருஷத்தில் ஆறே குதிரை கூடுதல்!

கடைசியில் 1986-ல் காற்றைக் கூட்டினார்கள். அதே 2.5-ல் ஒரு டர்போ. வீணாக வெளியே போகும் புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, அந்த விசிறி காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். 85 குதிரை, 203 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் அருமை.

நிஜத்தில் இந்த எஞ்சின் கெட்ட பெயர் வாங்கியது. தொடர்ந்து வேகமாக ஓட்டினால் பிஸ்டன்களில் விரிசல். கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி எண்ணெய்ப் புகை காற்றுக் குழாய்க்குள் போகும். முற்றிய கேஸ்களில் எஞ்சின் தன் சொந்த எண்ணெயையே குடித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் கதறும். அந்த நிலையில் கியரைப் போட்டு பிரேக்கை மிதித்து எஞ்சினை அமுக்கி நிறுத்துவார்கள், இல்லையென்றால் காற்று போகிற வழியை அடைப்பார்கள்.

ஏன் இப்படி? டர்போ அமுக்கிய காற்று கொதிக்கும். கொதிக்கிற காற்று அடர்த்தி குறைந்தது, அதுவும் போய் எஞ்சினின் சூட்டோடு சேரும். அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் இந்த எஞ்சினில் இல்லை. எரிவதும் அதே பழைய குண்டு அறையில்தான். 62 குதிரைக்கு யோசித்த குடும்பத்துக்கு 85 குதிரையின் சூட்டைக் கொடுத்தால் தாங்குமா? திருப்புளி வைத்தியத்தில் பட்டறைக்காரர் அனுபவித்ததை இங்கே கம்பெனியே அனுபவித்தது.

200 டிடிஐ

இதில் கற்ற பாடம்தான் 1989-ல் டிஸ்கவரி வண்டியோடு வந்த 200 டிடிஐ எஞ்சின். அதே 90.47 மில்லிமீட்டர் சிலிண்டர், அதே 97 மில்லிமீட்டர் தூரம், அதே 2.5 லிட்டர். ஆனால் கவனிக்க வேண்டிய விஷயங்கள் மூன்று.

ஒன்று, குண்டு அறை ஒழிந்தது. டீசல் நேராகப் பிஸ்டனின் தலையில் இருக்கும் குழிக்குள் பீச்சப்பட்டது. அடுப்பும் பாத்திரமும் ஒரே ரூமுக்கு வந்தாச்சு. காற்றை 23 மடங்கு நசுக்க வேண்டிய அவசியம் போய் 19.5 மடங்கே போதுமானது.

இரண்டு, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இன்டர்கூலர். கொதிக்கும் காற்றை ரேடியேட்டர் பக்கத்தில் குளிர வைத்து அனுப்பினார்கள்.

மூன்று, டர்போ எவ்வளவு காற்று தள்ளுகிறதோ அதற்கேற்ப மட்டும் டீசலைக் கூட்டும் பம்ப். காற்று வராமல் டீசல் ஏறாது. 

விளைவு: 111 குதிரை, 264 நியூட்டன் மீட்டர், அதுவும் அதே 1800 சுற்றில். 1957-ல் லிட்டருக்கு 25 குதிரை, இப்போது 44. மைலேஜும் கூடியது. 1990-ல் டிஃபெண்டருக்கும் இது வந்தது, கொஞ்சம் குறைத்து 107 குதிரை. 1994-ல் 300 டிடிஐ, சத்தம் குறைந்த வடிவம். பெரும்பாலானவற்றில் மின்னணு மூளை எதுவும் இல்லை. எஞ்சினை அணைக்க டீசலை நிறுத்தும் ஒரு சின்ன சோலனாய்டு போதும். பிரிட்டிஷ் ராணுவம் 1990களின் பிற்பகுதியில் வாங்கிய "வுல்ஃப்" டிஃபெண்டர்களிலும் 300 டிடிஐதான்.

இனிதான் கதையே

இதுவரை சொன்னது கம்பெனி செய்தது. எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அப்புறம் வருகிறது.

1990களின் டிஸ்கவரி வண்டிகளுக்கு ஒரு வியாதி: துரு. மேலே அலுமினியம், ஆனால் உள்ளே எலும்புக்கூடு எஃகு. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் தரை, சைடு எல்லாம் பொத்தல். வண்டி காயலான் கடைக்கு, ஆனால் எஞ்சின் நல்லா இருக்கும். இன்னொரு பக்கம் 1960-70களின் பழைய லேண்ட் ரோவர்கள்: பாடி நல்லா இருக்கும், எஞ்சின் சோனி. உடம்பு இல்லாத இதயமும் இதயம் இல்லாத உடம்பும் ஒரே காயலான் கடையில் சந்தித்தன.

இங்கேதான் அந்த 90.47 மில்லிமீட்டருக்கு அர்த்தம் வருகிறது. 200 டிடிஐ புது எஞ்சின் என்றாலும் பழைய குடும்பத்தின் வாரிசு. 1958-ல் வந்த 2.25 பெட்ரோலிலிருந்து சிலிண்டரின் அகலம் மாறவில்லை. எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸோடு சேரும் இடமும் பெரிய அளவில் மாறவில்லை. பழைய எஞ்சினின் ஃப்ளைவீல் ஹவுசிங்கைப் போட்டால் 1989 எஞ்சின் 1960களின் கியர்பாக்ஸில் வந்து உட்காரும். புது மிஷின் வாங்கக் காசில்லாமல் கம்பெனி பழைய அளவுகளையே பிடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தரித்திரமே பழைய வண்டிக்காரர்களுக்கு வரமாக முடிந்தது. இங்கிலாந்தில் வீட்டுக் கொல்லையில், ஒரு செயின் பிளாக்கை மாட்டிக்கொண்டு, சனி ஞாயிறுகளில் இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் ஏராளம்.

சரி, எஞ்சின் உட்கார்ந்தாச்சு. 62 குதிரை இருந்த இடத்தில் 111. அப்புறம்?

அப்புறம் ஒவ்வொன்றாக உடைய ஆரம்பிக்கும். முதலில் பின் அச்சின் ஆக்சில் ஷாஃப்ட். பிறகு கியர்பாக்ஸின் பல். பலம் என்பது எஞ்சினில் மட்டும் இருக்கிற சமாச்சாரம் இல்லை. எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்சில், டயர் என்று ஒரு சங்கிலி. ஒரு கண்ணியைத் தடிமனாக்கினால் அடுத்த மெலிந்த கண்ணி எதுன்னு வண்டியே காட்டிக் கொடுக்கும், பெரும்பாலும் நடுக்காட்டில்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி போனார்கள்.

எஞ்சினைத் தொடும் முன் பிரேக். பழைய 88-இல் நாலு சக்கரத்திலும் 10 அங்குல டிரம், கூடுதல் உதவி கிடையாது. 80-இல் போகவே திணறும் வண்டிக்கு அது போதும். 110-இல் போகும் வண்டிக்குப் போதாது. அதனால் பெரிய 109-இன் 11 அங்குல டிரம்களையும் சர்வோவையும் மாட்டினார்கள். என்னைக் கேட்டால் இந்த முழுக் கதையிலும் முக்கியமான வரி இதுதான்: நிற்க முடியாத வண்டிக்கு ஓடக் கற்றுக்கொடுக்காதே.

அடுத்து டிஃபரன்ஷியல். பழைய வண்டியின் விகிதம் 4.7. சோனி எஞ்சினுக்காக அப்படி வைத்தது. எஞ்சின் அலறும், வண்டி நகரும். ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரியின் விகிதம் 3.54. அதை மாற்றினால் எஞ்சின் அதே சுற்றில் சுற்றும்போது வண்டி மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுதலாகப் போகும். ஒரு குதிரை கூடக் கூட்டாமல்! எஞ்சின் நிதானமாகச் சுற்றுவதால் சத்தமும் டீசல் செலவும் குறையும். பாறைமேல் ஊர்ந்து ஏறுகிறவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள், லோ கியரின் பலம் குறைந்துவிடும் என்பதால். அவர்களுக்கு ஓவர்டிரைவ் என்ற இன்னொரு வழி இருந்தது. அதைப் போட்டால் தேவைப்படும்போது மட்டும் ஒரு உயர் கியர்.

இன்னும் ஒரு கூட்டம் செய்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். 200 டிடிஐ எஞ்சினை வாங்கி, அதிலிருந்து டர்போவைக் கழற்றி எறிந்துவிட்டு மாட்டினார்கள்! டிஸ்கவரி எஞ்சினில் டர்போ தாழ்வாக இருக்கும், பழைய வண்டியின் சேசிஸில் இடிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், நேரடியாக டீசல் பீச்சும் அந்த எஞ்சின் டர்போ இல்லாமலேயே பழைய 2.25-ஐ விட நல்லா இழுக்கும், கியர்பாக்ஸும் உடையாது. "எவ்வளவு கிடைக்கும்"னு கேட்காம "எவ்வளவு போதும்"னு கேட்டவங்க அவங்க.

சண்டக்பூ ஏற்றத்தில்

இதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டுக் கொல்லைல, பொழுதுபோக்குக்குச் செஞ்சதுதானேன்னு தோணலாம். இல்லை. மேற்கு வங்கத்தில் டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சாங் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து 3636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சண்டக்பூவுக்கு ஒரு மலைப்பாதை. 31 கிலோமீட்டர்தான். ஆனால் வெகுகாலம் அது கற்கள் பரப்பிய செங்குத்தான வழி. அதில் ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் சுற்றுலாக்காரர்களையும் ஏற்றிப் போனவை 1950களின் லேண்ட் ரோவர்கள். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன வண்டிகள் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். 2018-ல் தன் எழுபதாம் ஆண்டுக்கு லேண்ட் ரோவர் கம்பெனியே அந்த ஊரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தது.

அந்த வண்டிகளில் பலவற்றுக்குள் இருப்பது லேண்ட் ரோவர் எஞ்சின் அல்ல. மகேந்திரா டீசல். பழைய பெட்ரோல் எஞ்சினுக்குச் சாமான் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. மகேந்திரா சாமான் சிலிகுரியில் கிடைக்கும். கிடைக்காத பாகத்தை உள்ளூர் பட்டறையிலேயே அடித்துச் செய்துகொண்டார்கள். மகேந்திராவும் சும்மா இல்லை. வில்லிஸ் பெட்ரோல் ஜீப்பில் தொடங்கிய அந்தக் கம்பெனி, டீசலுக்காக பிரான்ஸின் பெஷோ கம்பெனியிடமிருந்து 2.1 லிட்டர் எஞ்சினை வாங்கித் தன் ஜீப்புகளில் வைத்தது. அதன் சக்தி எவ்வளவு தெரியுமா? 62 குதிரை! இங்கிலாந்துக்காரர்கள் அழுத அதே எண். நம்ம மலைகளில் எம்எம் 540-களை ஓட்டியவர்கள் அதை வைத்தே ஒரு ஊரைச் சுமந்தார்கள்.

சண்டக்பூ டிரைவருக்குக் குதிரைசக்தி ஒரு பெருமை கிடையாது. நடுவழியில் நின்றால் மேலே இருக்கிறவர்களுக்குச் சாமான் போகாது, கீழே தன் வீட்டில் அன்றைய கூலி கிடையாது. அவர் எஞ்சினைத் தேர்ந்தெடுத்த முறையைப் பாருங்க: பாகம் எங்கே கிடைக்கும், யாருக்கு ரிப்பேர் தெரியும், எவ்வளவு கனம், மலையில் இழுக்குமா. அதிக குதிரை எதில் இருக்கிறது என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இப்ப கணக்கைப் போட்டுப் பாருங்க

1957-ல் 51, 1961-ல் 62, 1984-ல் 68, 1986-ல் 85, 1989-ல் 111. அடுத்து 1998-ல் டிடி5 என்ற ஐந்து சிலிண்டர் எஞ்சின், 122 குதிரை, முழுக்க மின்னணுக் கட்டுப்பாடு. அத்தோடு திருப்புளி யுகம் முடிந்தது. லேப்டாப் இல்லாமல் அந்த எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. 2008-ல் லேண்ட் ரோவர் நம்ம டாடா கைக்கு வந்தது. 2016 ஜனவரி 29-ம் தேதி சொலிஹல் தொழிற்சாலையில் கடைசிப் பழைய டிஃபெண்டர் வெளியே வந்தது.

பழைய டீசல் ஜீப் எதையாவது வச்சுக்கிட்டு "புல்லிங் பத்தலையே"ன்னு யோசிக்கிறவங்களுக்கு இந்த வரலாறு சொல்லும் வரிசை இதுதான்: முதலில் எஞ்சின் தன் பழைய பலத்தையாவது முழுசாகத் தருகிறதா பாருங்க. ஏர் ஃபில்டர், நாசில், கம்ப்ரஷன், வால்வ் இடைவெளி. பாதி வண்டிகளில் காணாமல் போன குதிரை இங்கேதான் கட்டிக் கிடக்கும். அடுத்து பிரேக். அப்புறம் டயர் அளவும் டிஃபரன்ஷியல் விகிதமும். பெரிய டயரை மாட்டிட்டு எஞ்சினைக் குறை சொல்றவங்க எத்தனையோ பேர். அதற்கும் பிறகுதான் காற்று, டர்போ, வேறு எஞ்சின் எல்லாம். எஞ்சினையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி. புக்கில் ஏற்றாமல் செய்யாதீங்க. பம்ப் ஸ்க்ரூ? அதை அப்படியே விட்டுடுங்க சாமி.

உங்க ஊர் மலையில் எந்த ஜீப், அதுக்குள்ள எந்த எஞ்சின் ஓடுதுன்னு அடுத்த தடவை டீக்கடையில் நிற்கும்போது டிரைவர் அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்க. பானெட்டைத் திறந்து காட்டாம விட மாட்டார். அப்படியே எனக்கும் வந்து சொல்லுங்க.

வர்ட்டா?